தூக்கத்திற்கான பட்டியலில் ஒரு ராக் இசைத்தட்டு

சென்ற மாதம் சில நாட்கள் இரவில் தூக்கம் பிடிக்காமல், பாட்டு கேட்கும் செயலி ஒன்றில் ஆழ்ந்த உறக்கத்திற்கென்று தொகுத்து வைத்திருந்த பட்டியலை ஓடவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். மழைச் சத்தம் வந்தது, புல்லாங்குழல் வந்தது, ஒரே சுரத்தில் நின்று கரையும் சிந்தசைசர் ஒன்று வந்தது. அதற்கு அடுத்ததாக டாஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மானிய ராக் குழுவின் 'ஃபேட்ரா' தொடங்கியபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் கேட்டுவரும் இசை அது. ஒரு முறைகூட அது என்னைத் தூங்க வைத்ததில்லை. அதைக் கேட்கும்போது இருட்டில் பக்கத்து அறையில் யாரோ நடமாடுவதைப் போன்ற ஒரு விழிப்புத்தான் எனக்கு எப்போதும் வரும்.

1973ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷையரில் உள்ள மேனர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாகி 1974இல் வெளிவந்த இந்த இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதும் பதினேழு நிமிடத்துக்கு நீளும் ஒரே உருப்படி. அதில் அடியில் துடித்துக்கொண்டே இருப்பது மூக் சிந்தசைசரின் சீக்வென்ஸர், அதாவது சில சுரங்களை வரிசைப்படுத்தி வைத்துவிட்டால் அவற்றையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும் கருவி. அக்காலத்து மூக் கருவியின் ஆஸிலேட்டர்களுக்கு, அதாவது ஒலியைப் பிறப்பிக்கும் மின்சுற்றுகளுக்கு, சூடு ஏறினால் சுருதி நிற்காது. ஃபேட்ராவைக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டால், அந்த அடித்துடிப்பு மெல்ல மெல்லத் தன் இடத்தை விட்டு நழுவுவதைத் தெளிவாகக் கேட்கலாம். மேலே மெல்லோட்ரான் என்ற, நாடாவில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கட்டைக் கருவி வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்க, கீழே தரை நகர்கிறது. அதை அவர்கள் வெட்டி எறியாமல் தட்டில் அப்படியே விட்டுவைத்தார்கள். அந்த நழுவலில்தான் அந்த இசையின் அச்சமும் அழகும் இருக்கின்றன என்று நான் நினைக்கிறேன். அதைத் தாலாட்டாக எண்ணி ஒருவர் பட்டியலில் சேர்த்திருக்கிறார் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அன்றிரவு தொடங்கி, ராக் மரபிலிருந்து வந்து சொல்லில்லாத நீண்ட இசையை எழுதியவர்களுக்கும் 'நியூ ஏஜ்' என்று கடைகளில் பெயரிட்டு விற்கப்பட்ட இசைக்கும் இடையில் உள்ள உறவு என்ன என்பதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நியூ ஏஜ் என்ற பெயர் ஒலியிலிருந்து பிறந்த பெயரன்று. தியானம், யோகா, மாற்று மருத்துவம், தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் பயிற்சிகள் என்று 1970களில் கலிஃபோர்னியாவில் திரண்ட ஒரு வாழ்முறையின் பெயர் அது. அந்த வாழ்முறைக்கென்றே இசை செய்தவர்கள் உண்டு. 1975இல் 'ஸ்பெக்ட்ரம் சூட்' தந்த ஸ்டீவன் ஹால்பெர்ன் அப்படிப்பட்டவர். கேட்பவரின் உடலும் மனமும் தளர வேண்டும் என்பதே அவர் இசையின் நோக்கம், அதை அவர் மறைத்ததில்லை. ஆனால் அதே பெயரில் விற்கப்பட்ட மற்றவர்களின் கதை வேறு. 1976இல் பாலோ ஆல்ட்டோவில் விண்டம் ஹில் நிறுவனத்தைத் தொடங்கிய வில் ஆக்கர்மேன் வீடு கட்டிக் கொடுக்கும் தச்சுத் தொழிலில் இருந்தவர், கம்பிக் கிட்டாரில் தனியாகத் தான் புனைந்தவற்றைத் தட்டாக வெளியிடத்தான் அந்த நிறுவனத்தைத் தொடங்கினார். நியூ ஏஜ் என்ற பெயரை அவர் விரும்பியதில்லை. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டவுடன் அமெரிக்கர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்த நிறுவனம் அவருடையதாகவே இருந்தது.

வானொலியும் விருதுக் குழுக்களும் இந்தப் பெயரை உறுதிப்படுத்திய காலம் 1987, 1988. லாஸ் ஏஞ்சலஸில் பல ஆண்டுகளாக ராக் இசையை ஒலிபரப்பிவந்த கேஎம்ஈடி என்ற பண்பலை நிலையம் 1987 பிப்ரவரி 14 அன்று 'தி வேவ்' என்ற புதிய பெயரில், நியூ ஏஜ் இசையையும் மென்மையான ஜாஸையும் தரும் நிலையமாக மாறியது. அதே ஆண்டு கிராமி விருதுகளில் முதல் முறையாக நியூ ஏஜுக்கெனத் தனிப் பிரிவு வந்தது, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யாழ் கலைஞர் ஆண்ட்ரியாஸ் ஃபோலன்வைடர் அதைப் பெற்றார். அடுத்த ஆண்டு பில்போர்டு இதழ் இதற்கெனத் தனி வரிசைப் பட்டியலைத் தொடங்கியது. பெயர் கிடைத்துவிட்டால் அதற்குள் எதையாவது போட்டுத்தானே ஆக வேண்டும்? வாய்ப்பாட்டு இல்லாத, ஜாஸிலும் சேராத, செவ்வியல் என்றும் சொல்ல முடியாத இசை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் விழுந்தது.

இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று பீட்டர் கேப்ரியலின் 'பேஷன்'. ஜெனிசிஸ் என்ற ராக் குழுவின் பாடகராக அறியப்பட்ட அவர், இயேசுவைப் பற்றிய மார்ட்டின் ஸ்கோர்செஸியின் திரைப்படம் ஒன்றுக்காக அமைத்த இசை 1989இல் தட்டாக வந்து, 1990இல் நியூ ஏஜ் பிரிவில் கிராமி விருது பெற்றது. அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: எகிப்தியத் தாளக் கருவிகள் இடியாய் இறங்கும், ஆர்மீனியாவின் டூடூக் என்ற ஊதுகுழல் அழும், மனிதக் குரல்கள் சொல் இல்லாமல் கதறும். அதில் இரட்டை வயலின் வாசித்திருப்பவர் எல். சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன். சிலுவை ஏற்றத்தின் வேதனையைச் சொல்வதற்கென்று எழுதப்பட்ட இசை எந்த வகையில் மனத்தைத் தளர்த்தும் இசையாகும் என்று அந்த விருதைக் கொடுத்தவர்களைக் கேட்டால், சொல் இல்லை என்பதைத் தவிர அவர்களிடம் வேறு காரணம் இருந்திருக்காது என்றே எனக்குப் படுகிறது.

இந்த உறவின் எல்லாச் சிக்கல்களும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் கூடியிருப்பதைக் காண வேண்டுமானால் மைக் ஓல்ட்ஃபீல்டைத்தான் பார்க்க வேண்டும். 1973 மே 25 அன்று வெர்ஜின் நிறுவனத்தின் முதல் வெளியீடாக 'ட்யூபுலர் பெல்ஸ்' வந்தபோது அவருக்கு இருபது வயது நிறைந்து பத்து நாள் ஆகியிருந்தது. அதுவும் மேனர் கூடத்தில் பதிவானதுதான். கிட்டார், பேஸ் கிட்டார், பியானோ, ஆர்கன், மாண்டலின், மணிக்குழாய்கள் என்று பெரும்பாலான கருவிகளை அவரே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்து நாடாவில் அடுக்கினார். இரு பக்கங்கள், ஒரு பக்கத்துக்கு ஓர் உருப்படி, பாட்டு என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை.

தொடக்கத்தில் வரும் அந்தப் பியானோத் துணுக்கை அவரை அறியாதவர்களும் 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தின் வழியாக அறிவார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் டெரி ரைலியின் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களைக் கேட்டு அவருக்கு எழுந்த எண்ணம் அது. கையில் தாளம் போட்டு அதை எண்ணிப் பார்த்தால் நமக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் பதினாறு அட்சரம். இது பதினைந்தில் திரும்பிவிடும். வழக்கமான பதினாறிலிருந்து சற்று மாற்ற வேண்டும் என்பதற்காகவே கடைசி எண்ணிக்கையை அவர் எடுத்துவிட்டார். ஒரு முறை நண்பர் வீட்டுக் கீபோர்டில் நான் அதை வாசிக்கப் பழகினேன். விரல்களுக்குக் கடினம் ஏதுமில்லை, ஏ மைனரில் வெள்ளைக் கட்டைகளிலேயே முடிந்துவிடும். ஆனால் பதினாறாவது அட்சரத்துக்கு என் கை ஒவ்வொரு சுற்றிலும் காத்திருந்தது, இசை காத்திருக்கவில்லை. படியிறங்கும்போது இல்லாத ஒரு படியில் கால் வைக்கும் உணர்வு அது. நியூ ஏஜ் என்று பின்னால் அறியப்பட்ட இசையில் இந்தத் தடுமாற்றத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் அது கேட்பவரின் மூச்சோடு ஒத்துப்போவதற்காகச் செய்யப்படுவது.

இரண்டாம் பக்கத்தில் குகை மனிதனைப் போல ஒருவர் உறுமும் பகுதி ஒன்று வருகிறது, உறுமுபவர் ஓல்ட்ஃபீல்டே. தட்டு முழுவதிலும் ட்ரம்ஸ் வருவது அந்த ஓரிடத்தில் மட்டுமே. அடுத்த ஆண்டு வந்த 'ஹெர்கஸ்ட் ரிட்ஜ்' வேல்ஸ் எல்லையில் அவர் குடியிருந்த இடத்து மலையின் பெயரைத் தாங்கியது. அதன் பெரும்பகுதி மேய்ச்சல் நிலத்தைப் போல அமைதியாக விரிந்து செல்லும்; பின்பு முன்னறிவிப்பின்றி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த எலெக்ட்ரிக் கிட்டார்கள் இடிமழையாகக் கொட்டும். அந்த ஆண்டுகளில் தன்னைக் கடும் பீதி ஆட்டிப் படைத்ததையும் இசைக்குள் மட்டுமே தான் பாதுகாப்பாக உணர்ந்ததையும் அவர் பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார், தன்வரலாற்றில் எழுதியும் இருக்கிறார். ஆகவே அந்த இசையில் உள்ள அமைதி, பீதியிலிருந்து தப்பி வந்த ஒருவர் தனக்காகக் கட்டிக்கொண்ட அமைதி. சுவருக்கு வெளியே புயல் இருப்பதை அவர் மறப்பதில்லை, நம்மையும் மறக்க விடுவதில்லை. அதனால்தான் அந்த அமைதியை நான் நம்புகிறேன்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. 1978இல் வந்த 'இன்கேன்டேஷன்ஸ்' அவர் படைப்புகளிலேயே மந்திர உச்சாடனத்துக்கு மிக அருகில் நிற்பது. இரண்டு தட்டுகள், நான்கு பக்கங்கள், சுழன்று சுழன்று வரும் வடிவங்கள், டயானா தேவியின் பெயரை ஓதும் குழுக்குரல்கள் என்று அது விரிகிறது. நியூ ஏஜ் என்ற அலமாரி அப்போது இருந்திருந்தால் நேராக அதற்குள் போயிருக்கும். அதே ஆண்டில்தான் அவர் எக்ஸிஜிஸிஸ் என்ற தன்மாற்றப் பயிற்சி முகாமில் கலந்துகொண்டார். நியூ ஏஜ் வாழ்முறையின் நடுவிலிருந்து வந்த அனுபவம் அது. அதிலிருந்து வெளியே வந்தவர் தியான இசை எதையும் எழுதவில்லை! கூச்சம் கலைந்தவராய் நியூயார்க் சென்று 'கில்ட்டி' என்ற டிஸ்கோ தாளம் கொண்ட சிங்கிளைப் பதிந்தார், பெரிய குழுவைத் திரட்டிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றி வந்தார். உள்ளம் கலங்கியிருந்தவரை அமைதியைத் தேடும் இசை எழுதினார், கலக்கம் தணிந்ததும் ஆட்டத்துக்கான இசை எழுதினார். இசையில் அமைதி இருந்தால் அதைச் செய்தவர் அமைதியானவர் என்று எண்ணிக்கொள்ளும் நம் பழக்கத்தை இந்த ஓர் ஆண்டு புரட்டிப் போட்டுவிடுகிறது.

1990இல் வந்த 'அமராக்' பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அறுபது நிமிடம், ஒரே உருப்படி. வானொலிக்காக ஒரு துண்டைக்கூட வெட்டி எடுக்க முடியாதபடி அது அமைந்திருக்கிறது. இனிமையான ஆப்பிரிக்க மெட்டு ஒன்று வந்து மனம் தோயும் நேரத்தில் காதைப் பிளக்கும் ஒரு வெடிப்பு குறுக்கிடும். தன் நிறுவனத்தோடு ஏற்பட்ட மனக்கசப்பில், அதன் தலைவருக்கு ஒரு வசையை மோர்ஸ் குறியீட்டில் அதற்குள் பொதிந்தும் வைத்தார். தூக்கத்துக்கென்று யாரும் அதைப் பட்டியலில் சேர்க்க முடியாது. ஆனால் அதே மனிதர் நான்கே ஆண்டுகளில், கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் நாவலைத் தழுவி 'தி சாங்ஸ் ஆஃப் டிஸ்டன்ட் எர்த்' என்ற தட்டைத் தந்தபோது, அப்போலோ 8 விண்வெளி வீரர் ஆதியாகமத்தைப் படிக்கும் குரலும் நீண்டு நிற்கும் சிந்தசைசர்களும் குழுக்குரல்களுமாக நியூ ஏஜ் அலமாரிக்குள் தானாகவே நடந்து போய் உட்கார்ந்தார். எனக்கு அந்தத் தட்டு பிடிக்கும். ஆனால் அதில் புயல் இல்லை, கிட்டார் தனித்து ஓங்கும் சில இடங்களில் மட்டுமே பழைய ஓல்ட்ஃபீல்ட் தெரிகிறார். அதனாலேயே அவர் தட்டுகளில் நான் மிகக் குறைவாகக் கேட்டது அது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஓல்ட்ஃபீல்டைப் போலத் தனியாக அலையாமல், ஓரிடத்தில் கூடி வாழ்ந்தவர்களும் உண்டு. ஃபேட்ராவை வாசித்த மூவரில் ஒருவரான பீட்டர் பௌமன் 1977இல் டாஞ்சரின் ட்ரீமை விட்டு விலகி, 1984இல் நியூயார்க்கில் பிரைவேட் மியூசிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதில் தட்டு வெளியிட்டவர்களைப் பார்த்தால் ராக் உலகிலிருந்து வந்தவர்களின் கூடாரம் போல இருக்கும். பாட்ரிக் ஓஹர்ன் ஃபிராங்க் சாப்பாவின் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். எடி ஜாப்சன் ராக்ஸி மியூசிக், யூகே ஆகிய குழுக்களில் வயலினும் கீபோர்டும் வாசித்தவர். ஜெரி குட்மன் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் வயலின் கலைஞர். ஆண்டி சம்மர்ஸ் போலீஸ் குழுவின் கிட்டார் கலைஞர். பிற்பாடு டாஞ்சரின் ட்ரீமே அங்கு வந்து சேர்ந்தது. ராக் நிறுவனங்கள் மூன்று நிமிடப் பாட்டையும் காணொளியையும் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த 1980களில், வாய்ப்பாட்டில்லாமல் எழுத விரும்பியவர்களுக்குத் திறந்திருந்த ஒரே கதவின் மேல் நியூ ஏஜ் என்று எழுதியிருந்தது. உள்ளே போனார்கள், வேலை செய்தார்கள். கதவின் மேல் எழுதியிருந்ததை நம்பித்தான் அவர்கள் உள்ளே போனார்கள் என்று சொல்ல அவர்களுடைய தட்டுகளில் ஆதாரம் இல்லை.

அந்தக் கூடாரத்தில் எல்லாரையும்விடப் புகழ் பெற்றவர் யானி. நம் ஊரில் 1990களில் கேபிள் தொலைக்காட்சி பார்த்தவர்கள் அக்ரோபோலிஸ் கச்சேரியையும் 1997இல் தாஜ்மகாலுக்கு அருகில் நடந்த கச்சேரியையும் மறந்திருக்க மாட்டார்கள். அவரும் மினசோட்டாவில் கமீலியன் என்ற ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர்தான். அக்ரோபோலிஸ் மேடையில் ட்ரம்ஸை வெளுத்து வாங்கும் சார்லி ஆடம்ஸ் அந்தக் குழுவில் அவரோடு இருந்தவர். நியூ ஏஜ் என்று சொன்னால் யானிக்கும் பிடிக்காது. அந்தக் கச்சேரியை மறுபடி பாருங்கள், வயலின்கள் மறைத்திருக்கும் ராக் குழுவின் எலும்புக்கூடு தெரியும்.

எதிர்த்திசையிலிருந்து வந்தவர்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அலமாரிக்குள்ளேயே பிறந்த சிலரின் இரத்தத்தில் ராக் ஓடியது. 'டிசம்பர்' என்ற பியானோத் தட்டால் கோடையிலும் பனி பெய்ய வைத்த ஜார்ஜ் வின்ஸ்டன் டோர்ஸ் குழுவின் தீவிர ரசிகர், 2002இல் அவர்களுடைய பாடல்களைப் பியானோவில் வாசித்து ஒரு முழுத் தட்டே வெளியிட்டார். தன் இசையை நாட்டார் பியானோ என்றுதான் அவர் சொல்லிவந்தார். மைக்கேல் ஹெட்ஜஸ் இன்னும் ஒரு படி மேலே போனவர். 1984இல் விண்டம் ஹில் வெளியிட்ட 'ஏரியல் பவுண்டரீஸ்' தட்டின் முதல் உருப்படியில் ஒரே ஒரு கம்பிக் கிட்டார்தான் ஒலிக்கிறது என்பதை நம்புவது கடினம். வலக்கை தந்தியை மீட்டுவதோடு நிற்காமல், எலெக்ட்ரிக் கிட்டாரில் எடி வான் ஹேலன் செய்ததைப் போலவே கழுத்துப் பலகையின் மேல் வந்து தந்தியை அடித்து ஒலிக்க வைக்கிறது. இடக்கை தன் பாட்டுக்கு வேறொரு வரியை அடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் மரத்தில் தட்டும் ஓசை ட்ரம்ஸின் இடத்தை நிரப்புகிறது. தன் இசைக்கு 'ஹெவி மென்டல்' என்று அவர் வேடிக்கையாகப் பெயர் வைத்துக்கொண்டார். 1997இல் கார் விபத்தில் அவர் இறந்தபோது நாற்பத்து மூன்று வயதுதான். அவர் தட்டுகளைத் தியானத்துக்கென வாங்கிச் சென்றவர்கள் முதல் உருப்படியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இத்தனை பேரும் அந்தப் பெயரிலிருந்து விலகியோ அதற்குள் ஒதுங்கியோ நின்றார்கள் என்றால், மனமுவந்து அதற்காகவே இசை செய்த ராக் கலைஞர் ஒருவரும் உண்டு. காங் குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹில்லேஜ். 1973 இறுதியில் ட்யூபுலர் பெல்ஸ் பிபிசி தொலைக்காட்சிக்காக வாசிக்கப்பட்டபோது கிட்டார் ஏந்தியவர்களில் அவரும் ஒருவர். 1979இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் மனம், உடல், ஆன்மா ஆகியவற்றுக்கான விழா ஒன்று நடந்தது. அங்கே அமைக்கப்பட்ட வானவில் குவிமாடத்துக்குள் ஒலிப்பதற்கென்று, தன் துணைவி மிக்கெட் ஜிரோடியோடு சேர்ந்து 'ரெயின்போ டோம் மியூசிக்' என்ற தட்டை அவர் செய்தார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே உருப்படிகள். நீர் ஓடும் ஓசையில் தொடங்கி, மணிகள் ஒலித்து, கிட்டார் எங்கே நுழைந்தது என்று தெரியாமலே நுழைந்து மிதக்கும். ட்ரம்ஸ் இல்லை, தடுமாற்றம் இல்லை, புயலும் இல்லை. நான் இதுவரை சொன்னதற்கெல்லாம் எதிராக நிற்கும் தட்டு இது. ஆனாலும் இதை நான் நேசிக்கிறேன். நீண்ட எதிரொலியில் ஒரு கிட்டார் சுரம் தானே தன்மேல் படிந்து படிந்து போவதை, நீள நீளமாய்த் தனி வாசித்துப் பழகிய ராக் கிட்டார் கலைஞர் ஒருவர் இவ்வளவு பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அதன் ஒவ்வொரு நிமிடத்திலும் தெரிகிறது. வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்காமல் இருப்பதற்கும், வாசிக்க ஏதும் இல்லாதவர் நிறுத்தியிருப்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கே காதுக்குக் கேட்கும்.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு லண்டனின் ஹெவன் நடன விடுதியில், ஆடிக் களைத்தவர்கள் ஓய்வெடுக்கும் அறையில் அலெக்ஸ் பேட்டர்சன் என்ற இளைஞர் தட்டுகளைச் சுழலவிட்டுக்கொண்டிருந்தார். அந்த அறைக்குள் ஹில்லேஜ் நுழைந்தபோது ஒலித்துக்கொண்டிருந்தது ரெயின்போ டோம் மியூசிக். அதைச் செய்தவன் நான்தான் என்று அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். இருவரும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். 1992இல் பேட்டர்சனின் ஆர்ப் குழு 'புளூ ரூம்' என்ற சிங்கிளை வெளியிட்டது, அதில் கிட்டார் ஹில்லேஜுடையது. நாற்பது நிமிடத்துக்கு மூன்று நொடி குறைவான அந்த உருப்படி பிரிட்டிஷ் சிங்கிள் வரிசையில் எட்டாம் இடம் வரை சென்றது.